வெளிச்செல்லும் பெட்டி

ஒற்றைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு
அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தாள் எதுவீகிஸ் பாரியா.
முட்டையை வைப்பதுபோல் மேசையில் வைத்தாள்.
வெளியே புன்டா அரேனாசின் காற்று
என் கடைப் பலகையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
நவம்பர். இங்கே அதற்கு வசந்தம் என்று பெயர்.

"கம்ப்யூட்டர் செத்துவிட்டது. இது சாகவில்லை என்கிறார்கள்.
உள்ளே பதினான்கு வருட மெயில்.
எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று."

என் மிஷினில் செருகினேன்.
முனகியது, சுழன்றது,
புது டிரைவாக வந்து வரிசையில் உட்கார்ந்தது.
அவள் பெயரிலேயே ஒரு ஃபோல்டர். அழுத்தினேன்.

அனுமதி மறுக்கப்பட்டது.

"அது என் பெயர்தானே?"
ஆமாம்.
"பாஸ்வேர்டும் தெரியும். நாயின் பெயர், அது செத்த வருடம்."
அதை இது கேட்கவே இல்லை, சென்யோரா.

எப்படிச் சொல்வது?
உரிமையாளர் என்ற கட்டத்தில்
எதுவீகிஸ் இல்லை, பாரியா இல்லை.
நீளமாய் ஓர் எண்,
அதன் முன்னால் கேள்விக்குறி சுமந்த ஒரு தலை.
பழைய கம்ப்யூட்டருக்கு நீங்கள் அந்த எண்தான்.
அது போனதோடு எண்ணின் முகமும் போயிற்று.
இல்லாத ஒருத்திக்கு விசுவாசமாய்
இருக்கிற உங்களை வாசலில் நிறுத்துகிறது டிஸ்க்.

அவள் சிரிக்கவில்லை.
"என் தம்பியின் வக்கீல் சொல்வதும் இதேதான்.
நான் பதிலே போடாதவளாம்.
பதில் போடாதவளுக்குப் படகில் பாதி கிடையாதாம்."

சென்டோயா நண்டு பிடிக்கும் படகு.
2011இல் எஞ்சின் போனது.
பங்கைப் போடுகிறாயா, விலகுகிறாயா என்று
நொல்பெர்த்தோ எழுதிக் கேட்டிருந்தான்.

உரிமையை என் பெயருக்கு மாற்றினேன்.
இரண்டு நிமிட வேலை, கொஞ்சம் வெட்கம் கெட்ட வேலை.
நிர்வாகி என்று தொப்பி மாட்டிக்கொண்டு
உள்ளே இருப்பதெல்லாம் இனி என்னுடையது என்று சொன்னால் போதும்,
மிஷின் நம்பிவிடும்.
பச்சைக் கோடு நகர்ந்தது.
ஃபைல் பெயர்கள் ஓடியபோது
யாரோ உடைமாற்றும் அறையைக் கடப்பதுபோல்
நான் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெயில் ஃபைலை நகலெடுத்து, நகலைத்தான் திறந்தேன்.
அனுப்பியவை. 2011. ஜூன்.
பல் டாக்டர். நூல் ஆர்டர். மறுபடி பல் டாக்டர்.
தம்பிக்கு எதுவுமில்லை.

"எழுதினேன்" என்றாள்.
"எழுதினேன்" என்று இன்னொரு முறை, தனக்கு.

இடப்பக்கம் கீழே, யாரும் பார்க்காத வரிசையில்
வெளிச்செல்லும் பெட்டி.
பக்கத்தில் சின்னதாய் ஓர் ஒன்று.

*தம்பி, எஞ்சினை வாங்கு.
என் பாதியை விடமாட்டேன், பணம் வெள்ளிக்கிழமை.
காது மூடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போ.*

"அன்றைக்குக் கரண்ட் போனது" என்றாள்.
"வந்ததும் திறந்து பார்த்தேன்.
கடைசி வரி வேண்டுமா என்று யோசித்து, மூடிவிட்டேன்."

அதுதான்.
இந்தப் பெட்டியில் கிடப்பதை
ஒருமுறை திறந்து மூடினால் போதும்;
இனி போக வேண்டாம் போலிருக்கிறது என்று
அங்கேயே தங்கிவிடும்.

"அனுப்பிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.
அவன் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டேன்.
கோபம் மட்டும் ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்தது."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:
"இப்போது அனுப்பினால் என்ன தேதி விழும்?"
இன்றைய தேதி.
"வக்கீலுக்கு ஆகாது."
ஆகாது.

பிரிண்ட் எடுக்கச் சொன்னாள். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.
பதினைந்தாயிரம் பேசோவை எண்ணி வைத்தாள்.
காலுறையை உதறி டிஸ்க்கை உள்ளே விட்டாள்.

"நீ படித்தாயா?"
பொய் சொல்ல வரவில்லை. படித்தேன் என்றேன்.

"சரி," என்றாள்,
இரண்டு கையாலும் கதவைக் காற்றுக்கு எதிராகத் தள்ளியபடி,
"ஒருத்தருக்காவது போய்ச் சேர்ந்தது."